ஜெர்மன் சட்டை அப்துல் கபூர்

“கோடு வைக்கிறதா?”

அளவு நாடா உங்கள் தோளைத் தொடுவதற்கு முன்பே அப்துல் கபூர் இதைக் கேட்டுவிடுவார். தைக்கக் கொடுப்பது கலியாணச் சேட்டாக இருக்கலாம், கந்தோர் வேலைக்குப் போடும் காற்சட்டையாக இருக்கலாம், கேள்வி மாறாது. கோடு என்றால் ஓரம் நெடுகிலும் மூன்று வெள்ளைக் கோடுகள். வேண்டாம் என்றால் அவர் வற்புறுத்தமாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை மட்டும் பார்ப்பார். கறிக்கு உப்பு வேண்டாம் என்றவனைப் பார்ப்பதுபோல இருக்கும் அது. சென்ற வருடம் நோன்பு மாதத்தில் மட்டும் அவர் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில், பக்கீர் முகைதீன் ரேடியோ திருத்தும் கடைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது கபூரின் தையற்கடை. இரண்டு மெசின்கள். ஒன்றில் கபூர்; மற்றதில் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் குணம். கபூருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அவற்றைக் கவ்விக்கொண்டே நாள் முழுக்கக் கதைப்பார், ஒரு சொல் பிசகாது. கடை வாங்குப் பலகையில் எனக்கு ஒரு மூலை நிரந்தரம். பின்னேரம் கந்தோர் விட்டதும் பத்திரிகையோடு போய்க் குந்திவிடுவேன். நான் வாசிப்பேன், அவர்கள் தைத்தபடி கேட்பார்கள், பக்கீர் முகைதீன் தன் கடையில் இருந்தபடியே மறுத்துப் பேசுவார்.

இனி, கோட்டுக்கெல்லாம் காரணமான அந்தச் சட்டை. கழுத்துவரை இழுத்து மூடும் சிப், கெட்டி நைலோன், இரண்டு கைகளிலும் தோளிலிருந்து மணிக்கட்டுவரை மூன்று வெள்ளைக் கோடுகள். ஒரு காலத்தில் கருநீலம். வெயிலும் சவர்க்காரமும் பட்டுச் சாம்பலாகிவிட்டது. குளிர்நாட்டு ஓட்டக்காரர்கள் உடம்பு சூடேற்றப் போடுவது. கபூர் அதைப் போடுவது கச்சான் காற்று அனலாய் அடிக்கும் ஆனி, ஆடியில், இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாறனுக்கு மேல். றோட்டில் தார் உருகும். நாடியில் வியர்வை சொட்டும். “இதுக்குள்ள குளிர்தான்” என்பார்.

எழுபத்தாறில் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் திரைச்சீலை தைக்கப் போயிருந்தபோது கிடைத்தது அது. அங்கே ஜெர்மனியிலிருந்து வந்த கிழவர் ஒருவர் விடியற்காலையில் கடற்கரையில் ஓடுவாராம். கபூருக்கு முதல் நாள் குலை நடுங்கிவிட்டது.

“ஆரோ துரத்திக்கிட்டு வாறான் எண்டுதான் நான் நினைச்ச. பின்னால பாத்தா ஒருத்தனும் இல்ல. சும்மா ஓடுறாரு மனுசன்! ஓடிட்டு வந்து அந்த உடுப்பக் கழட்டி, கடலுக்குப் போக வேற உடுப்பு. கடலால வந்தா வேற. சாப்பிட வேற. நாம எண்டா ஒரே சாறனோட வயலுக்கும் போறம், கலியாணத்துக்கும் போறம், நித்திரையும் கொள்ளுறம்.”

கிழவரின் சிப் பழுதானது. கபூர் அதைப் பிரித்துச் சீராக்கிக் கொடுத்தார். ஊருக்குப் புறப்படும் அன்று கிழவர் அந்தச் சட்டையை மடித்துக் கபூரின் கையில் வைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இருக்கவில்லை. அன்றிலிருந்து கபூர் ஜெர்மன்காரன். ஊரில் பந்தாட்டம் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் பிரேசில் பக்கம் நிற்க, இவர் ஒருவர் மட்டும் மேற்கு ஜெர்மனி. ஊருக்கு வந்த சூட்டோடு கல்முனைக் கடற்கரையிலும் இரண்டு நாள் ஓடிப்பார்த்தார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு, “எந்த வீட்டுல மவுத்து, காக்கா?” என்று அண்ணன் முறை சொல்லி, சாவு விசாரித்தபடி கூடவே ஓடிவந்ததால் மூன்றாம் நாள் ஓட்டம் நின்றுவிட்டது. சட்டை மட்டும் நிலைத்துவிட்டது.

அதை ஒருநாள் முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கடதாசியில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, மறுபடி தைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கோடு ஊருக்குள் பரவியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டுக் களிசான், தலையணை உறை, பக்கீர் முகைதீனின் ரேடியோவுக்குப் போட்ட உறை. கோடும் வேண்டாம் கீடும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்ன ஹாஜியார் ஒருவரின் நீளச் சட்டைக்கு உட்புறத்தில் வைத்து அனுப்பினார். “உள்ளுக்க இரிந்தா ஆருக்குத் தெரியப்போற?” என் காற்சட்டையிலும் விழுந்தது. கந்தோரில் எங்கள் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தக் கழகத்துக்கு விளையாடுகிறீர் என்று விசாரித்தார். எனக்கு அப்போதே தொந்தி வைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம்; கலியாணம் முடித்த ஆண் அதில் வந்து இருப்பவன். ஆகவே மனைவி ஹவ்வா உம்மாவின் சுவரில் சட்டைக்கென்று ஓர் ஆணி அடிப்பதற்குக் கபூர் அவரிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. ஆணி கிடைத்தது, அதோடு ஆயுள் முழுக்கக் கேலியும் கிடைத்தது.

“சூறாவளிக்குக் கூரை பறக்குது. புள்ளையளத் தூக்குங்க எண்டு நான் கத்துறன். இந்த மனுசன் ஆணியில கிடந்த சட்டையத் தூக்குறாரு,” என்பார் ஹவ்வா உம்மா.

“புள்ளையளுக்குக் காலிரிக்கி, ஓடும். சட்டைக்குக் காலிரிக்கா?”

இந்தச் சட்டையைத்தான் அவர் நோன்புப் பெருநாளைக்கும் ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் பள்ளிக்குப் போட்டுவருவார். ஊரார் பட்டும் மல்லுமாய் வர, இவர் கழுத்துவரை சிப்பை இழுத்துக்கொண்டு வருவார். பெருநாள் பிறை தெரிந்ததோ இல்லையோ, கபூர் கோடு தெரிந்தால் பெருநாள்தான் என்பது எங்கள் தெருவில் ஒரு பேச்சு.

சென்ற வருடம் உலகக் கிண்ணப் பந்தாட்டம் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா வென்றுவிட்டது. அல்ஜீரியா எந்தத் திசையில் இருக்கிறது என்று அதற்கு முதல் நாள் கேட்டிருந்தால் கடைத்தெருவில் பாதிப்பேர் வானத்தைப் பார்த்திருப்பார்கள். அது முஸ்லிம்களின் நாடு என்பது மட்டும் விடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கீர் முகைதீன் தன் கடையில் திருத்த வந்திருந்த ரேடியோக்களை எல்லாம் ஒன்றாக அலறவிட்டுவிட்டு வந்து தையற்கடை வாசலில் நின்றார்.

“என்ன காக்கா, ஒங்கட ஆக்களுக்குச் சட்டை மட்டுந்தானா? பந்தும் அடிக்கத் தெரியுமா?”

“ஒரு மேட்ச் தோத்தா தையல் பிரிஞ்சிருமா? மறுகா பாரு.”

பக்கீர் முகைதீன் அதோடு விடவில்லை. பச்சையும் வெள்ளையுமாக ஓர் அல்ஜீரியாக் கொடி தைத்துத் தரவேண்டும் என்று கபூரிடமே கேட்டார். கபூர் மறுக்கவில்லை, அளவாக வெட்டி அழகாகத் தைத்தும் கொடுத்தார். அது ரேடியோக் கடை முகப்பில் இரண்டு நாள் பறந்த பிறகுதான் ஓரத்தை நெருக்கமாகச் சுற்றி ஓடும் மூன்று வரித் தையலைக் குணம் எனக்குக் காட்டினான். நாங்கள் அதைப் பக்கீர் முகைதீனுக்குச் சொல்லவில்லை.

பிறகு நோன்பு வந்தது. நோன்பின் முதல் வாரத்திலேயே அந்த மற்ற ஆட்டமும் வந்தது.

பத்திரிகையை நான்தான் வாசித்தேன். மேற்கு ஜெர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் ஆட்டம். அல்ஜீரியா தன் ஆட்டங்களை அதற்கு முதல் நாளே முடித்துவிட்டது. ஜெர்மனி சிறிய வித்தியாசத்தில் வென்றால் ஜெர்மனியும் ஒஸ்திரியாவும் இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போய்விடும்; அல்ஜீரியா வெளியே. ஜெர்மனி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க இரு பக்கத்தாரும் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு மைதானத்தில் உலாவினார்கள். பார்க்க வந்த சனம் கூக்குரலிட்டது. ஜெர்மன்காரர்களே வெட்கப்பட்டார்கள் என்று எழுதியிருந்தது.

கபூரின் மெசின் நின்றுவிட்டது. வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தார். பேசுவதற்காக அவர் அப்படிச் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“மத்த நேரமெல்லாம் என்ன செஞ்சாங்க?”

“பந்தைப் பின்னுக்குப் பின்னுக்கு அடிச்சாங்களாம், காக்கா.”

“ஏலாமலா? களைச்சுப் போனாங்களா?”

“ஏலும். வேணுமெண்டுதான்.”

மெசின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். “நூல் கோக்காம மெசின மிதிச்சிருக்கானுகள்,” என்றார் பிறகு. “மெசின் ஓடும், சத்தமும் வரும். சீலையில ஒரு தையல் விழாது.”

பக்கீர் முகைதீனுக்கு அன்று நோன்பின் களைப்பே இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “நம்மட ஆக்களச் சதி செஞ்சி துரத்திப்போட்டானுகளே ஒங்கட ஆக்கள்! இந்தப் பெருநாளைக்கு என்னத்தப் போடப்போறீங்க, காக்கா?”

இந்தக் கேள்வி பின்னேரத்துக்குள் கடைத்தெருவைச் சுற்றிவிட்டது. பந்தயம் கட்டுவது ஹறாம். அதிலும் நோன்பு மாதம். ஆகவே யாரும் பந்தயம் கட்டவில்லை, அபிப்பிராயம் மட்டும் சொன்னார்கள். அபிப்பிராயம் பிழைத்தவர் பெருநாளன்று மற்றவருக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பது என்று ஒரு சின்ன ஏற்பாடு. குணத்தின் அபிப்பிராயத்தை நானே கேட்டேன். “சட்டையப் போடாட்டி அவருக்குக் காய்ச்சல் வந்திரும். போட்டா ஊருக்குக் காய்ச்சல் வரும்,” என்றான்.

எங்களுக்கு விளையாட்டு. கபூருக்கு அப்படியில்லை. போட்டுவந்தால், நம்மவர்களை ஏமாற்றியவர்களின் பக்கம் நின்ற மனிதர். போடாமல் வந்தால், ஆறு வருடமாய் ஊர் சிரிக்கச் சிரிக்க அவர் தலையில் வைத்துக் கொண்டாடியது ஒரு பழந்துணி என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். வெட்டுவதும் தைப்பதும் பொத்தான் வைப்பதுமாய்ப் பெருநாள் வேலை மலைபோல் குவிந்து கிடக்க, அவர் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் கோட்டைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஓர் இளைஞன் தானாகவே வாய்விட்டுக் கேட்டதற்கும், “நேரமில்ல மனே,” என்று நாடாவைச் சுருட்டிவிட்டார். ஜெர்மனி இறுதியாட்டம் வரை போய் இத்தாலியிடம் தோற்றதைப் பக்கீர் முகைதீன் வந்து அறிவித்தபோது, கபூர் முன்னால் நின்றவரிடம், “கொலர் இறுக்கமா?” என்று கேட்டார்.

பெருநாளைக்கு முதல் நாள் நடந்ததை ஹவ்வா உம்மா என் மனைவியிடம் பிறகு சொன்னார். அஸர் தொழுகைக்குப் பின் கபூர் வீட்டு வாசலில் குந்தி, சட்டையை மடியில் போட்டு, சவர பிளேட்டால் கோடுகளின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாராம். “என்னத்துக்கு இப்பிடிப் பாத்துப் பாத்து அறுக்கிறீங்க, இழுத்துப் பிச்சி எறியுங்களன் எண்டு நான் கேட்ட. சீலைக்கு நோகும் எண்டாரு.” அதற்குமேல் ஹவ்வா உம்மா கேலி செய்யவில்லையாம். நோன்பு திறக்கும் கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

பெருநாள் காலை பள்ளி வாசலில் வழக்கத்தைவிட நெரிசல். தொழ வந்தவர்கள்தான், கண்கள் மட்டும் தெருவில் இருந்தன. கபூர் வந்தார். வெள்ளைச் சாறன், வெள்ளைத் தொப்பி, மேலே ஜெர்மன் சட்டை, கழுத்துவரை சிப். கைகளில் வெள்ளைக் கோடு இல்லை. “கழட்டிட்டாரு!” என்று ஒருவர் கிசுகிசுக்க, தோற்றது யார் வென்றது யார் என்று தெரியாமல் அபிப்பிராயக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது. ஆறு வருட வெயிலில் சட்டை வெளுத்திருந்தது. கோடுகளின் அடியில் இருந்த துணியில் ஒருநாளும் வெயில் பட்டதில்லை. வெள்ளைக் கோடுகள் போன இடத்தில் மூன்று கருநீலக் கோடுகள் புத்தம் புதிதாய் ஓடின. முன்பு இருந்தவற்றைவிட எடுப்பாகத் தெரிந்தன. கபூர் வலது சட்டைக் கையைத் தோளிலிருந்து தொங்கிய சால்வையால் மூடியிருந்தார். இடக் கையை வலக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். ஓர் உள்ளங்கையால் எவ்வளவை மறைக்க முடியும்? மேலும் கீழும் கோடுகள் தெரிந்தன. யாரையும் பாராமல் போய்க் கடைசி வரிசையில் நின்றார்.

தொழுகை முடிந்தது. குத்பாப் பிரசங்கமும் முடிந்தது. சனம் எழுந்து ஒருவருக்கொருவர் பெருநாள் முஸாபஹா செய்யத் தொடங்கியது. எங்கள் ஊரில் அது ஒரு கையால் செய்வதல்ல; இரண்டு கைகளையும் நீட்டி, மற்றவரின் இரண்டு கைகளையும் பிடிப்பது. கபூர் சால்வையோடும் பொத்திய கையோடும் சுவரோரமாய் நழுவி வாசலுக்கு வந்தார். வாசலில் பக்கீர் முகைதீன் நின்றார்.

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கீர் முகைதீன் சட்டைக் கையைப் பார்த்தார். சிரிப்பு உதடுவரை வந்ததை நான் கண்டேன்; அதை அவர் அங்கேயே கடித்து விழுங்கியதையும் கண்டேன்.

“பெருநாள், காக்கா,” என்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

கபூர் அந்தக் கைகளைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். பிறகு பொத்தியிருந்த கையை எடுத்து, தோளிலிருந்த சால்வையையும் உருவிக் கக்கத்தில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழுதாக நீட்டினார்.