லிஃப்ட்டுக்கு அடியில் கேட்ட தட்டல்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினாலே எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் பட்டப்பகலில், கனடாவில், ஸ்காபரோவில், என் இரண்டு காதாலும் கேட்டது இது.

மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே டேவிஸ் என்றொரு முதியவர் இருந்தார். வேல்ஸில் நிலக்கரி தோண்டிய ஊர்க்காரர். அவர் ஊர்க்கதை எனக்கு அலுத்ததே இல்லை. சுரங்கத்துக்காகவே உண்டான ஊராம், தொழிலாளிகள் தங்கள் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு நூலகமே கட்டினார்களாம். சுரங்கம் வெடித்த அன்று, தப்பி மேலே வந்தவர்கள் முகத்தைக்கூடத் துடைக்காமல் மற்றவர்களைத் தேடித் திரும்பவும் உள்ளே இறங்கினார்களாம். டேவிசும் இறங்கியவர். என்ன மனிதர்கள் என்று ஒவ்வொரு முறையும் மலைத்துப்போவேன். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இப்போது அங்கே வெறும் புல்மேடுதான் என்பார்.

ஒரு மத்தியானம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்ட்டில் இறங்கினேன். பேஸ்மென்டுக்கு வந்து நின்றது, கதவு திறக்கவில்லை, விளக்கும் போய்விட்டது. இருட்டில் கதவை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, "பயப்படாதே, தேடி வருவார்கள்" என்றார். பிறகு கைத்தடியால் தரையில் தட்டினார். சுரங்கத்தில் அடைபட்டவர்கள் அப்படித்தான் தட்டுவார்களாம்.

கீழேயிருந்து பதில் தட்டல் வந்தது.

நம்பினால் நம்புங்கள். டேவிஸ் பயப்படவில்லை. அன்று மேலே கொண்டுவர முடியாமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு தட்டல். கடைசியில், "உனக்கும் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

போரின்போது வன்னியில் காணாமல்போன என் அண்ணாவின் பெயரைச் சொன்னேன்.

ஒரு சத்தமும் இல்லை. காத்திருந்தோம். திரும்பவும் சொன்னேன். இல்லை.

கதவை நெம்பித் திறந்தது எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் சிவா அண்ணை.

"என்ன தங்கச்சி, இப்பிடி வேர்த்திருக்கு?"

"அண்ணை, லிஃப்ட்டுக்குக் கீழ ஆரும் வேலை செய்யினமோ?"

"இதுக்குக் கீழயோ? வெறும் கொங்கிறீற்றுத்தான். என்ன கதைக்கிறீர்?"

டேவிஸ் அந்த மாரிக்குளிரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தட்டியது யார் என்று அதற்குமேல் நான் யாரிடமும் கேட்கவில்லை. அண்ணாவின் பெயருக்குப் பிறகு வந்த அமைதிதான் என்னை விடுகுதில்லை. அண்ணா அந்த இறந்தவர்களோடு இல்லையென்றால், எங்கே?