ஏரிக் கட்டுரையின் முடிவுரை

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள்.

நேற்று மகள் கட்டுரை எழுத உட்கார்ந்து பென்சில் சீவினாள். அந்த மணம் என்னை ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அன்று வாத்தியார் 'எங்கள் ஊர் ஏரி' என்று பலகையில் எழுதிப்போட்டார். நன்றாக எழுதியவன் எழுந்து நின்று படிக்க வேண்டும் என்றார். நான் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புகளை முதலில் எழுதி, இடையில் இடம் விட்டுக்கொண்டேன். மதகு, நாரை, கரைப் பனைகள் எல்லாம் தானாக வந்தன. முடிவுரையும் மனதில் இருந்தது. எல்லார் முன்னாலும் அதைப் படித்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, எழுதாமல் விட்டேன்.

"முடிவுரை எங்கடா?" என்றார் வாத்தியார்.

"இன்னும் வர்ல சார்."

"ஏரிக்கே தண்ணி வர்ல சார், இவனுக்கு எப்டி வரும்?" என்றான் பக்கத்திலிருந்தவன். வகுப்பே சிரித்தது. வேறொருவன் எழுந்து படித்தான்.

"நைனா, முடிவுரைக்கு இன்னா எழுதறது?" என்று மகள் கேட்டாள்.

"மனசுல இன்னா கீதோ அத்த எழுதும்மா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் இதோ என் முடிவுரை:

ஏரி நிரம்பினால் ஊரிலேயே நடவு வேலை கிடைக்கும். எங்கள் அம்மா கூலிக்கு வெளியூர் போகாமல் ராத்திரி எங்களோடு படுப்பாள்.

எழுதிய நாள்: ஐப்பசி ஏழு, புதன்கிழமை.