விரத நாள் மாத்திரை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் வீட்டில் வேலையைப் பங்கு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவது அம்மா. வேளைக்குச் சமைத்துப் போடுவது அப்பாவின் அக்கா, என் அத்தை. அப்பா தினமும் முழுங்குகிறாரா என்று பார்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் டிக் போடுவது நான். "ஆறு மாசம் ஒருநாள்கூட விடக்கூடாதாம். நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, அம்மா விடிவதற்குள் லாட்ஜ் வேலைக்குப் போய்விடுவாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. அப்பா மறுபடி ஆட்டோ எடுத்தார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. தம்பி தேறிவிட்டால், திங்களும் பௌர்ணமியும் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் மலை சுற்றுவான் என்று அத்தை அண்ணாமலையாரிடம் வேண்டியிருந்தாள். வேண்டுதல் அவளுடையது, பட்டினி அப்பாவுக்கு!

முதல் திங்கட்கிழமை மாத்திரையை நீட்டினேன். அப்பா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு விரதம்மா. அண்ணாமலையார் பாத்துப்பாரு. நீ டிக் போட்டுடு, இல்லன்னா அம்மா மனசு கஷ்டப்படும்."

போட்டேன். அம்மாவும் அழக்கூடாது, சாமியும் கோபிக்கக்கூடாது. எல்லாரையும் நான்தான் காப்பாற்றுவதாக நினைப்பு. பிறகு பிரதோஷமும் விரதத்தில் சேர்ந்துகொண்டது. விரத நாளில், தான் கிளம்பியதும் விடிவதற்கு முன்பே போட்டிருப்பார் என்று அம்மா நினைத்தாள். அதெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அத்தை நினைத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா அட்டையைப் பார்த்து, "சமத்துப் பொண்ணு" என்றார்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அப்பா ரத்தமாக இருமினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதட்டியதும் அப்பா விரதக் கதையைச் சொல்லிவிட்டார். "நான் வேண்டாமலே இருந்திருக்கணும்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஒருநாளாச்சும் நின்னு பாத்திருக்கணும்" என்று அம்மா அழுதாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி எனக்கு, அப்பாடா தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

"பழைய மாத்திரைக்கு இனிமே இந்த நோய் கேக்காதும்மா. வேற மருந்துதான் பாக்கணும், அதுவும் கேட்டாத்தான் உண்டு" என்றார் டாக்டர். அம்மா மறுபடி அழ ஆரம்பித்தாள். இதற்கு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. புது மருந்து என்றால் நல்லதுதானே?

அப்பாவின் கட்டிலுக்கு ஓடினேன். "வேற மாத்திரை தராங்களாம்ப்பா! நானே குடுக்கறேன்" என்றேன், அவ்வளவு சந்தோஷமாக. அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.