தெலாபியா, உள்ளே வாங்க

1. சேம்பர்

பள்ளிக்கூடத்தில் மனநல கவுன்சிலராகப் பல வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். கொல்கத்தாவில் டாக்டர் உட்காரும் அறைக்கு சேம்பர் என்று பெயர். அநேகமாக ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும். எனக்குக் கிடைத்தது டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். மற்ற நாட்களில் அதே அறையில் தோல் டாக்டர் உட்காருவார். அதனால் என் டிஷ்யூ பெட்டிக்கு நேர் மேலே படர்தாமரையின் வகைகள் கலரில் தொங்கின. கழற்றி வைக்கலாமா என்று கேட்டேன். "டாக்டர்பாபு கோவிச்சுப்பார், திதி" என்றார் நிமாய்தா. திதி என்றால் இங்கே அக்கா.

நிமாய்தா மருந்துக் கடையைப் பார்த்துக்கொள்பவர். பெஞ்சில் காத்திருப்பவர்களை உள்ளே அனுப்புவதும் அவர்தான். அவர் பேசுவதெல்லாம் வங்காளத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். பெயரையும் வியாதியையும் சேர்த்து, எதிர்ப்பக்க டீக்கடை வரை கேட்கும்படி கூப்பிடுவது அவர் முறை. "மொண்டல்பாபு, மூலம், உள்ள போங்க" என்பார். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மொண்டல்பாபு திரும்பி வந்ததும் பெஞ்சே கூடி அவருக்குக் கைவைத்தியம் சொல்லும்.

என் முதல் கிளையன்ட் ஒரு தமிழர். கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை, பெஹாலாவில் வீடு. போனிலேயே கண்டிஷன் போட்டார். "மேடம், என் பேரை யாரும் கூப்பிடக் கூடாது. இந்த ஊர்ல தமிழ்க்காரங்க கொஞ்சப் பேரு. ஒருத்தருக்குத் தெரிஞ்சா பொங்கல் விழா மைக்ல சொன்ன மாதிரிதான்."

நான் நிமாய்தாவிடம் பெயரே சொல்லவில்லை. என் கெட்டிக்காரத்தனம் அதோடு முடிந்துவிட்டது. பெயர் தெரியாததால் நிமாய்தா தெரிந்ததை வைத்துக் கூப்பிட்டார். "மனசு சரியில்லாதவர் யாரு? உள்ள போங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கிளையன்ட் எழுந்து கவுண்டருக்குப் போய், ஓர் இருமல் சிரப் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

2. மீன் ஏற்பாடு

மறுநாள் அவர் மனைவி போன் செய்தார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம் மேடம். தேதி குறிச்சதுலேர்ந்து மனுஷன் வாயே திறக்கல. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாரு. அப்பா இப்படி இருந்தா நான் மணையில உக்கார மாட்டேன்னு அவ சொல்லிட்டா. எப்படியாவது திருப்பி அனுப்பறேன், நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நிமாய்தாவை உட்காரவைத்து ரகசியம் என்றால் என்ன என்று விளக்கினேன். முதலில் நம்பர் கொடுத்துப் பார்த்தோம். பக்கத்து அறை ஹோமியோபதி டாக்டருக்கும் நம்பர்தான். அவருடைய மூன்றாம் நம்பர் என் அறைக்குள் வந்து, சாக்ஸைக் கழற்றிவிட்டு, கால் ஆணியை எனக்குக் காட்டினார்.

"நம்பர் வேண்டாம் திதி. மீன் பேரு வச்சுடுவோம். யாருக்கும் மறக்காது" என்றார் நிமாய்தா.

மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் மீன் படியேறாத வீடு எங்களுடையது. மீன் என்றால் தூரத்தில் இருக்கவேண்டியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பூப்பெயர் போல இதுவும் ஒன்று என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டேன். யாருக்கு எந்த மீன் என்பதை அவர் கையிலேயே விட்டேன்.

3. "மானே..."

அவர் திரும்பி வந்தார். "தெலாபியா, உள்ள வாங்க" என்று நிமாய்தா கூப்பிட, எழுந்து வந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அவர் பேசவில்லை. "மானே..." என்று தொடங்குவார். வங்காளத்தில் அதற்கு 'அதாவது' என்று அர்த்தம். அதாவதுக்குப் பிறகு ஒன்றும் வராது. கொஞ்ச நேரம் படர்தாமரைப் படத்தைப் பார்ப்பார்.

"வீட்டுல ஏதாவது கஷ்டமா சார்?"

"மானே... கொஞ்சம் கேஸ் டிரபிள், மேடம்."

அடுத்த சனிக்கிழமையும் கேஸ்தான். அதற்கடுத்த சனிக்கிழமை கேஸோடு லேசாக ஏப்பமும் சேர்ந்தது. நான் படித்த கேள்விகளையெல்லாம் கேட்டுத் தீர்த்துவிட்டேன். என் கணவர் மட்டும் வீட்டில், "பேசாம ஜெலுசில் வித்திருக்கலாம்" என்றார்.

இதற்குள் இன்னும் சில கிளையன்ட்கள் சேர்ந்திருந்தார்கள். காரில் வந்து இறங்கும் ஓர் இளைஞனுக்கு நிமாய்தா இலிஷ் என்று பெயர் வைத்திருந்தார். அவன் வந்தால் பெஞ்சில் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுப்பதைக் கவனித்தேன். காரைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

4. வால் துண்டம்

நான்காவது சனிக்கிழமை அவர் உள்ளே வந்து உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"மேடம், அந்தப் பையனுக்கு எதுக்கு இலிஷ்?"

"அது சும்மா ஒரு பேருதானே சார்."

"சும்மாவா? நீங்க சைவம், உங்களுக்குத் தெரியாது. இலிஷ்னா ராஜா. தெலாபியான்னா விருந்தாளி வந்தா மறைச்சு வைக்கிற மீன். அவன் நேத்து வந்தவன். நான் உங்களோட மொத ஆளு. எனக்குத் தெலாபியா."

முகம் சிவந்திருந்தது. இத்தனை வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நல்லவேளை, அவர் நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுல இலிஷ் வாங்கினா வயித்துத் துண்டம் அண்ணனுக்கு. வால் எனக்கு. வால்ல முள்ளுதான் மேடம். சரி, பெரியவன்னு விட்டுட்டேன். இப்ப என் பொண்ணு கல்யாணம். மண்டபம் அண்ணன் பாத்தாரு. சமையல்காரர் அண்ணன் சொன்ன ஆளு. பத்திரிகையிலகூட அண்ணன் பேருக்குக் கீழதான் என் பேரு. எல்லாத்தையும் முடிச்சிட்டு, 'உனக்கு ஒண்ணுமில்லியே'ன்னு கேட்டாரு. 'ஒண்ணுமில்லண்ணே'ன்னேன். அந்த ஒண்ணுமில்லதான் இன்னும் தொண்டையில நிக்குது."

அப்புறம் உட்கார்ந்தார். அழுதார். படர்தாமரைக்குக் கீழே இருந்த டிஷ்யூவை அவரே எடுத்துக்கொண்டார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கதவைத் தட்டிவிட்டு நிமாய்தா தலையை நீட்டினார். "திதி, தெலாபியாவுக்கு நேரம் ஆச்சு. இறால் காத்துக்கிட்டு இருக்கார்."

அழுகைக்கு நடுவில் அவர் சிரித்துவிட்டார்.

5. பெயர்

அடுத்த வாரங்களில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழகினோம். நான் அண்ணனாக உட்கார்ந்து, "உனக்கு ஒண்ணுமில்லியே?" என்று அதிகாரமாகக் கேட்பேன். அவர், "இருக்குண்ணே, எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கு" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை "மானே" என்பதிலேயே நின்றார். போகப் போக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜ அண்ணனிடமே சொல்லிவிட்டார். அண்ணன் ஆச்சரியப்பட்டு, "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? எனக்கும் அலைச்சல் மிச்சமாயிருக்குமே" என்றாராம். பத்திரிகையை மாற்றி அச்சடித்தார்கள். பெண் மணையில் உட்காரச் சம்மதித்தாள்.

தெலாபியா என்று பெயர் வைத்த விஷயம் எப்படியோ நிமாய்தாவுக்கு மனசில் உறுத்தியிருக்கிறது. இனிமேல் மீனே வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அதற்குப் பதிலாக என் கிளையன்டுக்குப் பிரமோஷன் கொடுத்து, அவரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"இலிஷ், உள்ள வாங்க" என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்தார்கள். பழைய இலிஷ் ஒருவன், புது இலிஷ் ஒருவர். பெஞ்சில் சலசலப்பு. ஓரத்தில் முட்டி வலிக்காக ஹோமியோபதிக்கு வந்த தமிழ்ச் சங்கத்து மாமி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் கிளையன்டையே பார்த்தார். நான் கதவருகில் நின்றிருந்தேன். இன்னோர் இருமல் சிரப் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவர் மாமியைப் பார்த்தார். பிறகு நிமாய்தாவிடம் திரும்பி, வங்காளத்தில் நிதானமாகச் சொன்னார்.

"நான் இலிஷும் இல்ல, தெலாபியாவும் இல்ல." அப்புறம் இனிஷியலோடு தன் முழுப் பெயரையும் சொன்னார், டீக்கடை வரை கேட்கும்படி. மாமியிடம் தமிழில், "பொண்ணு கல்யாணம் மாமி. பத்திரிகை கொண்டாந்து தரேன், அவசியம் வரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புதிதாகச் சேம்பர் போடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கேள்விகளைத் தயார் செய்துகொண்டு போங்கள், ஆனால் கிளையன்ட் மீனைப் பற்றிப் பேசினால் அதைச் சும்மா என்று சொல்லாதீர்கள் என்கிறேன். உடனே, அவர் பெயர் என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெஞ்சுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவர் பெயரை அவர் சொல்லிக்கொண்டார். நான் சொல்ல மாட்டேன்.