புறங்கையால் தொட்டவர்

பாகாலாவில் எங்கள் முதல் டிவிக்கு ஸ்டெபிலைசர் மாட்ட வந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் கருகிச் சுருங்கியிருந்தன. எதையும் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிடிப்பார். நான் நீட்டிய காபி டம்ளரைக்கூட.

மாட்டி முடித்ததும் இடி இடித்தது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"இவ்ளோ காசு குடுத்து வாங்கினோமே, இது இடிக்குத் தாங்காதா?" என்றேன்.

"வோல்டேஜ் ஏறி எறங்கினா டிவிய காப்பாத்தும்மா. அதுக்கு வாங்கலாம். இடிக்கு இது இன்னா பண்ணும்? பிளக்க புடுங்கிடுங்க. கொழந்தைங்கள கிட்ட வுடாதீங்க."

மழை விடும்வரை சுவரில் சாயாமல் கூடத்தின் நடுவிலேயே நின்றார். போகும்போது இரும்புக் கேட்டையும் புறங்கையால் தொட்டார். "அது வெறும் கேட்டுங்க" என்று சிரித்தேன். "கரண்ட் இருந்தா உள்ளங்கை அப்டியே புடிச்சிக்கும்மா, வுடாது" என்றார்.

இன்றும் மழை நாளில் அந்தக் கேட்டை முதலில் என் புறங்கைதான் தொடுகிறது.