கிணத்துல விட்ட கண்ணாடி நூல்

எங்க கிணத்துத் தண்ணியில பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு எட்டு மாசமா சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. தெருமுனை பெட்ரோல் பங்க்காரரு, "அது பாசி வாடை ஆயா. வயசானா மூக்கு அப்படித்தான்"ன்னாரு. அடுத்த வூட்டுல பருப்பு அடிப்புடிச்சா இங்கேர்ந்தே சொல்ற மூக்கு என்னுது. அதுக்கு வயசாயிடுச்சாம்.

மருமவதான் யாரையோ புடிச்சி, காலேஜில பாடம் சொல்ற ஒரு டீச்சரம்மாவ வரவழைச்சா. அவங்க கிட்ட தலைமயிரு தடிப்புல கண்ணாடி நூல் ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள வெளிச்சம் போயி நுனி வரைக்கும் தொட்டுட்டுத் திரும்புமாம். நுனியில ஒரு பூச்சு. பெட்ரோல் ஆவி பட்டா பூச்சு உப்பிக்கும், திரும்பற வெளிச்சம் மாறும், நூலோட மேல்முனையில மாட்டின பொட்டியில கோடு ஏறும். கோடு ஏறினா பங்குல மண்ணுக்கடியில இருக்கற பெட்ரோல் தொட்டியத் தோண்டிப் பாக்கறேன்னு பங்க்காரரும் வாய்விட்டுச் சொல்லிட்டாரு.

படிச்சவங்க வந்து எட்டிப் பாக்கற கிணறு. பாசியும் சருகுமா கிடந்தா நம்மள இன்னா நெனப்பாங்க? முந்தின நாளு மருமவ வேலைக்குப் போனதும் மூடியத் தொறந்து போட்டு, மோட்டரப் போட்டு, அடிமண்ணு தெரியற வரைக்கும் எறச்சிட்டேன். தண்ணி எல்லாம் காவாயில போச்சி. சுத்திக் கழுவிக் கோலமும் போட்டேன்.

மறுநாளு நூல உள்ள விட்டாங்க. கோடு படுத்தே கிடந்தது.

"இன்னா ஆயா, பொட்டியும் என் கட்சிதான் போல"ன்னு பங்க்காரரு சிரிச்சாரு.

டீச்சரம்மா ஈரமா இருந்த சுவரையே பாத்தாங்க. "கிணத்த எறச்சீங்களா பாட்டிம்மா?"

நான் குனிஞ்சி கோலத்தச் சரி பண்ணினேன்.

"அத்தே, மோட்டர் போட்டீங்களா?"ன்னு மருமவ.

"நாலு பேரு வர்ற எடம் சுத்தமா இருக்க வேணாமாடி?"

"தொறந்து போட்டு எறச்சதுல ஆவி எல்லாம் போயிடுச்சி, அதான் கோடு ஏறல. மோட்டர்லேர்ந்து ஒரு பொறி பறந்திருந்தா போதும், தீப்புடிச்சிருக்கும்"ன்னாங்க டீச்சரம்மா. "கரண்ட் உள்ள போவக்கூடாதுன்னுதான் இந்த நூலயே எடுத்தாந்தேன்."

யார் மேல கோவப்படறதுன்னே தெரியல. என்னை நானே திட்டிக்கிட்டேன்.

நூல் உள்ளயே இருக்க, மூடிய மூடிட்டு, பத்து நாளு தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சொந்தக் கிணத்த வச்சிக்கிட்டு, கொடத்தோட தெருக்குழாய் வரிசையில நின்னேன். "கிணறு லீவுல போயிடுச்சா ஆயா?"ன்னு ஒருத்தி கேக்கறா, எல்லாம் சிரிக்குதுங்க.

பத்தாம் நாளு டீச்சரம்மா வந்து பொட்டியத் தொறந்தா, கோடு மேல ஏறி நிக்குது. பங்க்காரர கூப்பிட்டோம். மொதல்ல பொட்டியப் பாத்தாரு, அப்புறம்தான் குனிஞ்சி மோந்து பாத்தாரு.

"இவ்ளோ நாத்தம் அடிக்குதே, முன்னாடியே சொல்லக் கூடாதா ஆயா?"

கையில இருந்த கொடத்தக் கீழ வச்சிட்டேன். வைக்கலன்னா அவரு மண்டையிலதான் போட்டிருப்பேன்.

சொன்ன வாக்குக்குத் தொட்டியத் தோண்டினாரு. அடியில ஓட்டை. பெட்ரோல எறச்சி எடுத்துட்டு அந்தத் தொட்டியவே மூடிட்டாங்க. என் தண்ணி எப்ப சரியாவும்னு கேட்டேன். கோடு எறங்கற வரைக்கும் தொடாதீங்கன்னு டீச்சரம்மா நூல உள்ளயே விட்டுட்டுப் போயிட்டாங்க. தெனம் காலையில பொட்டியப் போயிப் பாக்கறேன். கோடு இன்னும் மேலதான் நிக்குது. கொடத்த எடுத்துக்கிட்டு வரிசைக்குப் போறேன்.