பூசணிக் கொடிக்குள் கேட்ட குரல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. கற்பிட்டிப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சின்ன மரக்கறித் தோட்டம். தோட்டக்காரர் நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மழை இறங்குவதற்குள் பூசணியையும் வெங்காயத்தையும் எடுக்காவிட்டால் எல்லாம் அழுகிவிடும். அவர் மனைவியோ தனியாள். விஷயம் தில்லையடிக்கு எட்டியதும் எங்கள் தெருவிலிருந்து பெண்கள் ஆறு பேரும் ஆண்கள் ஆறு பேரும் ஒரு வான் வண்டியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். கூலி இல்லை, பகல் சாப்பாடு மட்டும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் ராத்தா; அந்தத் தைரியத்தில் எங்கே போனாலும் யாரும் கேட்காமலே கங்காணி வேலை பார்ப்பேன். அன்றும் அப்படித்தான். ஆண்கள் வெங்காயப் பக்கம் போக, நாங்கள் பூசணிக்குள் இறங்கினோம். பூசணியைக் காம்போடு வெட்ட வேண்டும். காம்பு போனால் காய் சீக்கிரமே அழுகும். எங்களோடு வந்தவர்களில் ஒருத்தி எங்கள் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் ஏழெட்டுக் காயைக் காம்பில்லாமல் திருகிப் போட்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"என்ன புள்ள, உபகாரம் செய்ய வந்தீங்களா, உபத்திரவம் செய்ய வந்தீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டேன்.

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு, தனியாக, வேலியோரத்துக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் வழக்கத்தில் ஒரு சஹனுக்கு ஆறு பேர். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்போம். பெண்கள் பக்கம் ஐந்து பேர்தான் இருந்தோம். அவள் இல்லை. கோபித்துக்கொண்டு நிற்கிறாள், பசித்தால் தானாக வரட்டும் என்று நினைத்தேன். போய்க் கூப்பிட என் மானம் இடங்கொடுக்கவில்லை. அவள் எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, பரிமாறிக்கொண்டிருந்த தோட்டக்காரர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் உட்கார வைத்தேன். ஆறு நிறைந்துவிட்டது. சஹன் நிறைந்துவிட்டால் எங்களில் யாரும் தலை எண்ணமாட்டார்கள். எல்லோரும் பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் தேநீர் குடிக்க, நான் கடைசி வரிசைக்குப் போனேன். சமாதானம் பேச அல்ல. வேலையில் குறை கண்டுபிடிக்க. அங்கே ஆளைக் காணவில்லை. வெட்டிய காய்கள் ஒவ்வொன்றும் காம்போடு, அழகாக அடுக்கிக் கிடந்தன. பாதி வரிசையோடு அந்த அடுக்கு நின்றிருந்தது. வானம் கறுத்துவிட்டது. காற்று அடியோடு நின்றுபோய், கடல் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் பூசணி இலைகள் அசைந்தன. நின்றன. திரும்பவும் அசைந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம். முனகலா, மூச்சா, தெரியவில்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, நிலத்துக்குக் கீழேயிருந்து வந்தது. ஆளில்லாத இடத்தில் பகலிலும் ஜின் நடமாடும் என்று சின்ன வயதில் கேட்ட கதையெல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாகக் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதினேன். அதை ஓதினால் எந்தத் தீங்கும் ஓடிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

அது ஓடவில்லை. கொஞ்சம் ஓதியதும், அதுவும் என்னோடு சேர்ந்து ஓதத் தொடங்கியது. மெதுவாக, ஒரு சொல் பிந்தி, மண்ணுக்குள்ளிருந்து. நான் நிறுத்தினேன். அது நிறுத்தவில்லை.

செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன்.

மூச்சிரைக்க நான் சொன்னதைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "ஓதுதெண்டா அது நம்மட ஜின்தான் ராத்தா, பயப்புடாதீங்க!" என்றாள் ஒருத்தி. தோட்டக்காரர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போனது.

"வேலிப் பக்கமா? அங்கன பழைய துரவு ஒண்டு இரிக்கி. இவர் கிடுகு போட்டு மூடி வெச்சவர். மேலால கொடி படந்திட்டு. யா அல்லாஹ், நான் சொல்ல மறந்திட்டன்! உங்கட ஆக்கள் எல்லாரும் இங்கயா இரிக்கிறாங்க?"

மணலில் சும்மா தோண்டிவிட்ட, கட்டு இல்லாத கிணற்றைத்தான் துரவு என்போம். மற்றவர்கள் ஒருவரையொருவர் எண்ணத் தொடங்கினார்கள். நான் எண்ணவில்லை. யார் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆண்கள் ஏணியும் கயிறுமாக ஓடி வந்தார்கள். கொடியை விலக்கிப் பார்த்தால், மக்கிய தென்னோலைக் கிடுகு உடைந்த ஓட்டைக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில் அவள். இடுப்புவரை சேற்றில் புதைந்து, தன்னோடு உள்ளே விழுந்த கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. மழையும் தூறத் தொடங்கிவிட்டது. "பெரிய மழ புடிச்சா மொத்தமும் எறங்கிரும்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏணியைக் குறுக்கே படுக்கப் போட்டு, அதன்மேல் ஒருவர் குப்புறக் கிடந்து கயிற்றை இறக்கினார். அவள் அதைக் கக்கத்துக்குள் கட்டிக்கொள்ள, எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு பத்தடி வந்திருப்போம், துரவின் ஒரு பக்கம் அப்படியே உள்ளே சரிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வானில் என் பக்கத்தில்தான் இருந்தாள். நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"கத்தினா மண் சரியுது ராத்தா. அதால முனகிக்கிட்டே இரிந்தன். நீங்க ஓதினதக் கேட்டதும், என்னக் கண்டிட்டீங்க, எனக்காகத்தான் ஓதுறீங்க எண்டு நெனச்சன். அதான் நானும் சேந்து ஓதினன். பொறகு நீங்க ஓடின சத்தம் கேட்டிச்சி. ஆளக் கூட்டிட்டு வரத்தான் ஓடுறீங்க, இனித் தப்பிட்டன் எண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னன்."

ஜின் என்று சிரித்தவள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். நான் ஓம், அப்படித்தான் என்று தலையாட்டினேன்.

இன்றைக்கும் அவள் தன் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, உம்மாவைக் காப்பாற்றிய ராத்தா என்றுதான் சொல்கிறாள். திருத்தப் பலமுறை வாயெடுத்தேன், முடியவில்லை. எழுதுவதற்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. எதனிடமிருந்து என்னைக் காப்பாற்றும்படி இறைவனிடம் கேட்டு ஓதினேனோ, அது என்னை நம்பிக் காத்திருந்த ஒருத்தியின் குரல் என்ற நினைப்பில், இப்போதும் அந்த ஆயத்தை ஓதும்போதெல்லாம் பாதியில் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மீதியை ஓதுகிறேன்.